மனசுல எட்டு, கையில அஞ்சு

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரிடமும் 8 + 5 எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய எண்ணை மனசுல வெச்சுக்கோ, சின்ன எண்ணைக் கையில எடுத்துக்கோ" என்பார்கள். மனசுல எட்டு, கையில அஞ்சு. எட்டுக்கு அப்புறம் ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. ஐந்து விரலும் மடங்கியதும் விடை வந்துவிடும். எனக்கு இப்படித்தான் சொல்லித்தந்தார்கள். என் அம்மாவுக்கும் இதேதான்.

இந்த ஒரு வரியை வந்தடைய ஒரு குழந்தை எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்பதைச் சில வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமாகவே வரும்.

நான் இருப்பது கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து வந்துவிடக்கூடிய தூரத்தில். கொரோனாவில் மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்த சமயம், 2021-இல் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அப்போது ஆரம்பித்த மாலை வகுப்பு இன்னமும் எங்கள் வீட்டு வாசலில் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றாவது முதல் நான்காவது வரை படிக்கிற பிள்ளைகள். அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா தெருவில் மீன் விற்கிறவர், சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று இருக்கிற வீடுகள்.

கணக்கு நேரத்தில் நான் பிள்ளைகளின் நோட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது கையை, உதட்டை, கண் போகிற இடத்தை. விடை நோட்டில் இருக்கும். வந்த வழி அங்கேதான் தெரியும்.

பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவனை மட்டும் தெருவே கூப்பிடுகிற பட்டப்பெயரில் நெத்திலி என்கிறேன். ஒல்லிப் பையன், ஓரிடத்தில் நிற்க மாட்டான். என்னிடம் வந்தபோது ஒன்றாம் வகுப்பு. 3 + 4 எவ்வளவு என்று கேட்டால் இடது கையில் மூன்று விரலை ஒவ்வொன்றாக நீட்டுவான்: ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் வலது கையில் நான்கு விரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இரண்டு கையும் இப்போது மாட்டிக்கொண்டதல்லவா? அதனால் கைகளை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, மூக்கால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணுவான். "ஏழு!"

ஒரே கூட்டலுக்கு மூன்று எண்ணிக்கை. பார்க்கிற பெரியவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விரலுக்கு ஒரு எண்தான் சொல்ல வேண்டும், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், விரலை எண்ணினாலும் கோலிக்குண்டுக்கு அந்த விடை பொருந்தும் என்று இவ்வளவும் அவனுக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்த மூக்கு வேலை செய்கிறது. ரோச்சல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எண்ணுவதற்குள் ஒளிந்திருக்கும் இந்த விதிகளை 1978-இலேயே பிரித்து எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் முன்பே குழந்தைகள் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

8 + 5-க்கு வரும்போதுதான் சிக்கல். விரல் தீர்ந்துபோகும்.

விரல் தீர்ந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் என்ன செய்கிறது என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலுக்குப் போவாள். ஒருவன் சிலேட்டில் குச்சி குச்சியாகக் கோடு போட்டு முதலிலிருந்து எண்ணுவான். நெத்திலி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் கையைக் கேட்காமலே இழுத்துக்கொள்வான். அவள் கத்துவாள். யாரும் சொல்லித்தராமல் இவர்களாகவே செய்த ஏற்பாடுகள் இவை.

நெத்திலி அடுத்த படிக்கு வந்தது இப்படிப்பட்ட பெரிய கணக்கில் இல்லை. 6 + 2-இல். கையிலேயே அடங்குகிற கணக்கு, பழைய வழியில் சரியாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கு. அன்று வழக்கத்தைவிட நேரம் எடுத்தான். ஏதோ முணுமுணுத்தான். பிறகு "ஆறு" என்று சொல்லி நிறுத்தினான். "ஏழு, எட்டு. எட்டுக்கா."

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"ஆறுதான் இருக்குல்ல, அதுக்கு மேல ரெண்டு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து 5 + 3 கொடுத்தேன். மறுபடி இரண்டு கையையும் தூக்கி மூக்கால் எண்ண ஆரம்பித்துவிட்டான்.

இது நெத்திலியின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளின் கணக்கைப் பற்றி வந்திருக்கும் ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது, இந்தக் காட்சியே அங்கே நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தது. 1972-இல் குரோன், பார்க்மன் என்ற இருவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தார்கள். இரண்டு எண்களில் சிறியது எது என்பதைப் பொறுத்தே நேரம் கூடியது. 2 + 6 என்று கேட்டாலும் 6 + 2 என்று கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரம். அப்படியென்றால் பிள்ளைகள் பெரிய எண்ணில் தொடங்கி, சிறிய எண்ணை மட்டும் மேலே எண்ணுகிறார்கள் என்றுதானே பொருள்? நம்முடைய "மனசுல எட்டு, கையில அஞ்சு" அங்கே யாரும் வரியாகச் சொல்லித்தராமலே நடந்துகொண்டிருந்தது. 1977-இல் குரோனும் லாரன் ரெஸ்னிக்கும் இன்னும் சின்னப் பிள்ளைகள் சிலருக்கு எல்லாவற்றையும் எண்ணும் முறையை மட்டுமே கற்றுக்கொடுத்து, வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தாமாகவே பெரிய எண்ணிலிருந்து எண்ணும் வழிக்கு மாறிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமானது ராபர்ட் சீக்லரும் எரிக் ஜென்கின்ஸும் 1989-இல் வெளியிட்ட வேலை. நான்கைந்து வயதுள்ள 8 குழந்தைகள். 11 வாரம், வாரத்தில் சில நாள், ஒவ்வொரு குழந்தையோடும் உட்கார்ந்து கூட்டல் கொடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் "எப்படிப் போட்டாய்" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 8 பேரில் 7 பேர் புதிய வழியைத் தாமாகக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கணக்கிலும் அதற்குச் சற்று முன்பும் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார்கள். தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டபோதுதான் கண்டுபிடிப்பு வந்தது என்றில்லை, நன்றாகப் போய்க்கொண்டிருந்த சுலபமான கணக்குகளிலும் வந்தது. கண்டுபிடித்த பிறகும் பெரும்பாலும் பழைய வழியிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் என்னை அசத்தியது: தேடுகிற காலத்தில் எந்தக் குழந்தையும் அர்த்தமில்லாத வழியை முயலவில்லை. முதல் எண்ணை இரண்டு தடவை எண்ணிக் கூட்டுவது போன்ற கோணல் வழி ஒருவரிடமும் வரவில்லை. கூட்டல் என்றால் என்ன நடக்க வேண்டும் என்ற ஒரு வரைபடம் அந்த வயதிலேயே உள்ளே இருக்கிறது.

பிறகு அந்த ஆய்வாளர்கள் 22 + 3 போல ஒரு எண் பெரிதும் மற்றது மிகச் சிறிதுமான கணக்குகளை நுழைத்தார்கள். ஏற்கெனவே ஒரு தடவையாவது புதிய வழியைத் தொட்டிருந்த குழந்தைகள் இப்போது அதை அடிக்கடி எடுக்க ஆரம்பித்தார்கள். இதுவரை தொடாதவர்களுக்கு இந்தக் கணக்கால் பெரிய உதவி கிடைக்கவில்லை. என் வகுப்பில் யாருக்கு எந்தக் கணக்கை எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கும்போது இதைத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

சீக்லர் இன்னொன்றையும் காட்டினார். நேரத்தை அளந்து சராசரி எடுத்தால், பிள்ளைகள் எல்லோரும் ஒரே வழியில் போடுவது போலத் தோன்றும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகக் கேட்டால், பெரிய எண்ணிலிருந்து எண்ணுவது பாதிக்கும் குறைவான கணக்குகளில்தான். மீதியில் சிலவற்றுக்கு நினைவிலிருந்து விடை, சிலவற்றுக்கு முதலிலிருந்து எண்ணிக்கை, சிலவற்றுக்கு வேறொரு கணக்கைப் பிடித்துக்கொண்டு தாவல், சிலவற்றுக்கு ஊகம். ஒரே பிள்ளையிடம் இவ்வளவும். இதை அவர் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவரும் அலைகள் என்று சொல்கிறார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முந்தின அலை இன்னும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்தது அதன் மேல் ஏறி வந்துவிடும். ஒரு படி முடிந்தது, அடுத்த படி ஆரம்பம் என்று மாடிப்படி போல வைத்திருக்கும் பாடத்திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, "மனசுல எட்டு, கையில அஞ்சு" என்ற வரியை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நிறைய வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அதன் பலனை நான் அடிக்கடி பார்க்கிறேன். "மனசுல எட்டு" என்று நெஞ்சைத் தொடுவார்கள், கையில் ஐந்து விரலை நீட்டுவார்கள், முதல் விரலை மடக்கி "எட்டு" என்று தொடங்குவார்கள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. விடை 12. சைகை முழுதும் சரி, விடை ஒன்று குறைவு. அந்தப் பிள்ளைக்கு மனசுல எட்டு என்பது ஒரு சடங்கு. எட்டுப் பொருள் ஏற்கெனவே எண்ணி முடிந்துவிட்டது என்பது அதற்குள் இல்லை. முதல் விரலுக்கு ஒன்பது என்றுதான் சொல்ல வேண்டும் என்று அதனால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இப்படி வருகிற பிள்ளைகளுக்கு நான் வைத்திருப்பது ஒரு கொட்டாங்குச்சியும் புளியங்கொட்டையும். எட்டுக் கொட்டையை அந்தப் பிள்ளையையே எண்ணச் சொல்லி, கொட்டாங்குச்சியால் கவிழ்த்து மூடிவிடுவேன். வெளியே ஐந்து. மொத்தம் எத்தனை? முதலில் மூடியைத் தூக்கப் பார்ப்பார்கள். தூக்கக் கூடாது. அப்போது சிலர் மூடியின் மேல் விரலால் எட்டுத் தடவை தட்டிவிட்டு வெளியே வருவார்கள். இன்னும் சில நாள் போனால் ஒரே தட்டு, "எட்டு" என்ற ஒரே சொல், பிறகு ஒன்பது, பத்து. அந்த ஒரே தட்டு வந்த பிறகு "மனசுல எட்டு" என்று சொல்லிப் பாருங்கள், ஒருநாளும் 12 வராது.

இந்த இடத்தில் விரலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா அவனுடைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். சிவப்பு மையில் "விரல் விட்டு எண்ணக் கூடாது" என்று எழுதியிருந்தது. அவன் அன்றிலிருந்து கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்து எண்ணுகிறான், அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுகிறான். "உதடு அசையக் கூடாது" என்றும் சில இடங்களில் விதி உண்டு. இந்த விதிகளை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு வயதில் விரல் என்பது யோசிக்கிற இடம். சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரின் தெவெனோவின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், விரலைப் பயன்படுத்தாத ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு விரலால் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களின் சரியான விடைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தன. எண்ணி எண்ணிச் சரியான விடை பலமுறை கிடைக்கும்போதுதான் 6 + 2 என்றதும் 8 என்று நினைவில் ஒட்டுகிறது. தப்பான விடை பலமுறை வந்தால் அதுவும்தான் ஒட்டும். விரலைப் பிடுங்கிவிட்டு மனப்பாடத்தை எதிர்பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது: "அவன் எண்ணட்டும்மா. நீங்க மீனுக்குக் காசு எண்ணும்போது கட்டைவிரலால விரல் கோட்டைத் தொட்டுக்கிட்டேதானே போறீங்க?" அவர் சிரித்துவிட்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். விரலுக்கு மூன்று கோடு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஒரு கையிலேயே ஒரு டஜன் அடங்குகிற அந்த முறையை எங்கள் வகுப்பில் நான்காவது பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பத்தைத் தாண்டின கணக்குக்குப் பக்கத்து ஆள் கையை இழுக்க வேண்டியதில்லை.

அடுத்தது கேள்வி. நம் பள்ளிகளில் "எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் விடை தப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்ட உடனே அழி ரப்பரைத் தேடுவார்கள். அதனால் சரியான விடைக்குத்தான் நான் அதிகம் கேட்கிறேன். பழகிய பிறகு கேட்காமலே சொல்ல வருவார்கள். 9 + 4-க்கு ஒரு நாள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் வந்த வழிகள்: ஒருத்தி விரலால் பத்து, பதினொண்ணு என்று ஏறினாள். ஒருவன் "நாலுல ஒண்ண எடுத்து ஒன்பதுக்குக் குடுத்தா பத்து, மிச்சம் மூணு" என்றான். மூன்றாவது படிக்கிறவள் "பத்தும் நாலும் பதினாலு, ஒண்ணு கம்மி" என்றாள். நெத்திலி அவளைப் பார்த்து "இது நல்லா இருக்கு" என்றான். ஆனால் அவன் விரலில்தான் போட்டிருந்தான். சீக்லரும் கெவின் குரோலியும் 1994-இல் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள்: பெரிய எண்ணிலிருந்து எண்ணும் வழியைத் தாம் இன்னும் பயன்படுத்தாத குழந்தைகள்கூட, வேறொருவர் அப்படிப் போடுவதைக் காட்டினால் அது புத்திசாலித்தனமான வழி என்று மதிப்பிடுகிறார்கள். ரசிக்கத் தெரிவது செய்யத் தெரிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஒருவர் வழியை மற்றவர் காதுபடச் சொல்லவைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

கழித்தலில் எனக்கு வருத்தம் தருவது "எத்தனை அதிகம்?" என்ற கேள்வி. "உன்னிடம் 8 கோலி, அவனிடம் 5 கோலி. உன்னிடம் எத்தனை அதிகம்?" இதற்குச் சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் "எட்டு" என்பார்கள். சிலர் கூட்டிப் பதின்மூன்று என்பார்கள். கழித்தல் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். 1983-இல் ஹட்சன் என்பவர் ஒரு படத்தைக் காட்டினார். சில பறவைகள், அதைவிடக் குறைவாகப் புழுக்கள். "புழுவைவிடப் பறவை எத்தனை அதிகம்?" என்றபோது ஒன்றாம் வகுப்பில் 64 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதே படத்தைக் காட்டி, "ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்க ஓடுகிறது, எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று கேட்டதும் எல்லோரும் சரி. பள்ளியில் சேராத இன்னும் சின்னப் பிள்ளைகளில் 17 சதவீதம் 83 ஆனது.

நான் இதை பிஸ்கட்டை வைத்துக் கேட்டேன். எட்டுப் பிள்ளை, ஐந்து பிஸ்கட், எத்தனை பேருக்குக் கிடைக்காது? யோசிக்கவே இல்லை. "மூணு பேருக்கு." பிறகு அதே எட்டையும் ஐந்தையும் வைத்து "அதிகம்" என்று கேட்டு, பிஸ்கட் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குச் சில நாட்கள் பிடித்தன. ஆனால் கழிக்கும் அறிவு முதலிலேயே அங்கே இருந்தது. தடுத்தது கேள்வியின் மொழி.

எங்கள் தெருவில் கணக்கு எங்கே நன்றாக நடக்கிறது என்று கேட்டால் மீன் கூறு முன்னால் என்பேன். நான்காவது படிக்கிற ஒருவன் சனி, ஞாயிறில் அம்மாவோடு நிற்பான். சங்கரா ஒரு கூறு 80 ரூபாய், கொடுத்தது 200 ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதை எடுத்து "நூறு", இன்னொரு நூறை எடுத்து "இருநூறு" என்று வாங்குகிறவர் கையில் வைத்துவிடுவான். கழிக்கவே இல்லை. 80-இலிருந்து ஏறிப்போய் 200-ஐத் தொட்டுவிட்டான். அவனே நோட்டில் 200-க்குக் கீழே 80 எழுதி, கோடு போட்டு, 280 என்று விடை எழுதினான். பூஜ்யத்திலிருந்து 8 போகாது, அதனால் 8-இலிருந்து பூஜ்யத்தைக் கழித்துவிட்டான். கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் இந்தப் பழக்கம் பல நாட்டுப் பிள்ளைகளிடமும் உண்டு.

"இருநூறு குடுத்தவங்களுக்கு மீனையும் குடுத்து இருநூத்தி எண்பது திருப்பிக் குடுப்பியா?" என்றேன். நோட்டைப் பிடுங்கி அழித்தான். "அக்கா, இது மீன் கணக்குன்னு சொல்லவே இல்லையே."

அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீர்க் காயும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றி 1985-இல் டெரேசினா கராஹரும் கூட்டாளிகளும் எழுதியதில் இதே கதைதான். வியாபாரத்தின் நடுவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். நம் நாட்டில் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. சந்தைப் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் யாரும் பாலம் போடவில்லை. எங்கள் வகுப்பில் இப்போது 200 − 80 போட்டால் முதலில் கடைக்காரர் மாதிரி ஏறிப்போய் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு கடன் வாங்கிக் கழித்து இரண்டும் ஒன்றாக வருகிறதா பார்க்க வேண்டும். வராவிட்டால் எந்த வழியில் பிசகு என்று அவர்களே தேடுவார்கள்.

வாய்ப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். சொல்லட்டும், ஒப்பிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நினைவிலிருந்து எடுப்பதும் ஒரு வழிதான். மறந்துபோனால் திரும்பிக் கண்டுபிடிக்க வேறொரு வழியும் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பரமபதத்தில் 37-இல் காய் நிற்கிறது, 4 விழுந்தது. பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்துவார்கள். எங்கள் வாசலில் அது செல்லாது. "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொண்ணு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல், நூறு கட்டப் பலகையில் இப்படி நிற்கும் இடத்திலிருந்து சொல்லி விளையாடிய குழந்தைகளுக்கு எண்களின் அளவைப் பற்றிய புரிதல் கூடியதையும், ஒன்றிலிருந்து சொல்லி நகர்த்தியவர்களுக்கு அவ்வளவு பலன் கிடைக்காததையும் காட்டினார்கள். பலகை ஒன்று, கட்டை ஒன்று, வாயில் வருகிற எண்தான் வேறு. தாயத்தில் பன்னிரண்டு விழுந்தால் பெரிய பிள்ளைகள் கட்டங்களை எண்ணுவதே இல்லை, காய் போய் உட்காரும் இடத்துக்கு நேரே கை போய்விடும்.

இப்போது என் கவனமெல்லாம் மூன்றாவது படிக்கிற ஒரு பெண்மேல். கூட்டலில் கெட்டி. கழித்தலுக்கு மட்டும் கோடு. 13 − 9 என்றால் பதின்மூன்று கோடு போட்டு, ஒன்பதை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணுவாள். தப்பே வராது, ஆனால் வகுப்பில் மற்றவர்கள் முடிக்கும்போது இவள் பாதியில் இருப்பாள், அதனால் தனக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பரமபதத்தில் அவள் காய் 9-இல் நின்றபோது, "பதிமூணுல ஏணி இருக்கு, எத்தனை விழணும்?" என்றேன். "நாலு" என்று சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டினாள். அரைமணி கழித்து நோட்டில் 13 − 9-க்கு மறுபடி பதின்மூன்று கோடு.

இரண்டும் ஒன்றே என்று நான் இன்னும் சொல்லவில்லை. நேற்று 11 − 9-க்குக் கோடு போட ஆரம்பித்தவள் இரண்டு கோட்டோடு நிறுத்தி, பரமபதப் பலகை சாய்த்து வைத்திருந்த சுவரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்று எழுதினாள். அடுத்த 12 − 8-க்குக் கோடு போட்டாள். வரும் வாரம் அவளுக்கு 51 − 48, 72 − 69 மாதிரிக் கணக்குகளாக எழுதிவைத்திருக்கிறேன். எழுபத்திரண்டு கோடு போட அவளுக்கும் பொறுமை இருக்காது.